கப்பல் வருதா, போகுதா?

டாரட் சீட்டு பழகலாமா என்று யோசிக்கிற சகோதரிகளுக்கு என் அனுபவத்தைச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பழகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நானும் பழகியவள்தான்.

திருப்பூரில் லைன் வீடுகள் இருக்கும் சந்தில் குடியிருக்கிறோம். என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் பத்தாவது வரை படித்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பீஸ் வாங்கி வந்து பிசிர் வெட்டுவேன். 2024 கோடை விடுமுறைக்கு, கோவையில் காலேஜ் படிக்கும் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, "அத்தை, மனசுல ஒண்ணு நெனைச்சுக்கிட்டு மூணு சீட்டு எடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதென்னடி, கிளி இல்லாத கிளி ஜோசியமா?" என்றேன்.

சின்ன வயதில் அவிநாசித் தேருக்குப் போனால் அம்மா கிளி ஜோசியர் முன்னால் உட்காராமல் வரமாட்டார். நெல்லுக்காகக் கிளி ஒவ்வொரு அட்டையாக இழுத்துப் போடும். முருகன் வந்தால் ஒரு பலன், மாரியம்மன் வந்தால் ஒரு பலன். எனக்குக் கிளியைப் பார்க்கத்தான் ஆசை. இப்போது யோசித்தால், ஜோசியர் கிளியைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. அந்தக் கிளியைக் கூண்டில் வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தபோது, ஜெயிப்பார் என்று சொன்ன ஜோசியரை வனத்துறையினர் பிடித்துப் போய் எச்சரித்து விட்டார்கள். தேர்தலில் அவர் தோற்றதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

சரி, சீட்டுக்கு வருகிறேன். ஒரு கட்டில் 78 சீட்டு. அதில் 56, நாம் பார்க்கும் சீட்டுக்கட்டு மாதிரியே நாலு ஜாதி: கிண்ணம், வாள், கோல், காசு. ஒவ்வொன்றிலும் 14. மீதி 22 பெரிய சீட்டு: சூரியன், நிலா, கோபுரம், மரணம் என்று. மருமகள் தந்த இங்கிலீஷ் புத்தகம் எனக்குப் பாதிதான் புரிந்தது. மகனின் பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் நானே பேர் வைத்து எழுதிக்கொண்டேன். காசு எட்டில் ஒருத்தன் பலகையில் குனிந்து உட்கார்ந்து காசைத் தட்டித் தட்டிச் செய்கிறான். அதற்கு "பீஸ் ரேட்" என்று பேர். தினம் காலையில் ஒரே ஒரு சீட்டு எடுத்து, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நாலு வரி எழுதுவேன். புத்தகத்தை மனப்பாடம் செய்தால் நாலு நாளில் மறந்துவிடும், படத்தைப் பார்த்தால் மறக்காது. 13-ஆம் நம்பர் மரணச் சீட்டு வந்த அன்று பயத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது வருகிறது என்றுதான் அதற்கு அர்த்தமாம். அதைப் படிப்பதற்குள் மாரியம்மனுக்கு வேண்டுதலே வைத்துவிட்டேன்!

இது ஏதோ மந்திரக்காரர்கள் எழுதி வைத்தது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் விளையாடுவதற்காக உண்டான சீட்டு. பிரான்சில் இன்றைக்கும் விளையாடுகிறார்கள். ஜோசியத்துக்கு எடுத்துக்கொண்டது 18-ஆம் நூற்றாண்டில்தான். என்னிடம் இருக்கும் படங்கள் 1909-இல் லண்டனில் வெளிவந்தவை. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி. பெரிய வேலை, காசு கொஞ்சம்தான் என்று அவர் நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறதாம். கட்டுக்கு ரைடர்-வெய்ட் என்று பேர் நிலைத்துவிட்டது. ரைடர் வெளியிட்ட கம்பெனி, வெய்ட் எழுதிக் கொடுத்தவர். வரைந்தவளின் பேர் அதில் இல்லை. உலகம் முழுக்க அந்தக் கட்டு விற்றது, அவர் 1951-இல் கடனோடு செத்துப் போனார். பிசிர் வெட்டி டஜனுக்கு இவ்வளவு என்று வாங்கும் எனக்கு இதைப் படித்தபோது மனது என்னவோ செய்தது. சீட்டின் ஓரத்தில் பாம்பு மாதிரி சுருண்ட ஒரு குறி இருக்கும், அது அவருடைய கையெழுத்து. பழகுகிறவர்கள் முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

நான் சீட்டுப் பார்க்கிறேன் என்று சந்தில் பரவிவிட்டது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும் ஒருத்தர் இரண்டு பேராக வர ஆரம்பித்தார்கள். காசு வாங்க மாட்டேன். ஆனால் பெருமையாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாவது படித்த என்னிடம் அதுவரை யாரும் யோசனை கேட்டதில்லை.

2025 ஜூனில் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் கணவர் டெய்லராக இருந்து, சின்னதாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்ய ஆரம்பித்திருந்தார். "அம்மிணி, ரெண்டு ஓவர்லாக்கும் ஒரு பேட்லாக்கும் செகண்ட்ஸ்ல வருதாம். என் செயினை வெச்சுத்தான் வாங்கோணும். போட்டுப் பாரு" என்றார். போட்டேன். கோல் மூன்று வந்தது. மலை மேல் ஒருத்தன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். தூரத்தில் கடல், கடலில் கப்பல்கள். புத்தகத்தில் வியாபாரம், முயற்சி என்று போட்டிருந்தது. திருப்பூரில் கப்பல் என்றால் வேறென்ன? "அக்கா, எக்ஸ்போர்ட் ஆர்டர் வருது, தைரியமா வாங்குங்க" என்றேன். அந்த முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போனது. மெஷின் வந்தது. அந்த வருடம் ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. அமெரிக்காவுக்கு அனுப்பும் கம்பெனிகளில் ஆர்டர் நின்றது, பாதி விலைக்குக் கேட்டார்கள், அதன் அடி ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் தலையில்தான் முதலில் விழுந்தது. எதிர்வீட்டு மெஷின் சத்தம் ஒருநாள் நின்றுவிட்டது. அந்தச் சத்தம் தூங்க விடவில்லை என்று முணுமுணுத்தவள் நான். அது நின்ற பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கணவர்தான் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். என் வீட்டுக்காரர், "நான் ஒரு இஞ்ச் தப்பா வெட்டுனா அத்தனை அடுக்குத் துணியும் போச்சு. நீ வாயால வெட்டிட்டே" என்றார். வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஆர்டர் கொடுப்பது ஒரே கம்பெனியா? ஒரு மாதம் வேலை இல்லாவிட்டால் வட்டிக்கு என்ன வழி? மெஷினை முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடியாதா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? கையில் சீட்டு இருந்ததால் கேட்கவில்லை.

காங்கயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை, சாமி முன்னால் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்த பிறகு, கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். தண்ணீர் வைத்த பிறகுதான் 2004-இல் சுனாமி வந்தது என்பார்கள். எனக்கும் அந்த முருகனிடம் பக்திதான். ஆனால் மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்பார் ஒருத்தர், இறங்கும் என்பார் இன்னொருத்தர். நடந்த பிறகு, நடந்ததுதான் அர்த்தம் ஆகிவிடும். சாமி பொருளை மட்டும் காட்டுகிறார், அர்த்தம் சொல்வது நம் வாய். என் கோல் மூன்றும் அப்படித்தான்.

சீட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஆனால் கடன், கல்யாணம், ஆஸ்பத்திரி என்று யார் வந்தாலும் போட மாட்டேன். மற்றதற்கும், படத்தில் என்ன தெரிகிறது என்று அவர்களையே சொல்லச் சொல்வேன். செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு வாள் எட்டு வந்தது. கண்ணையும் உடம்பையும் கட்டி, சுற்றி வாள் நட்டு, நடுவில் ஒருத்தி நிற்கிற படம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காலைக் கட்டலையேக்கா" என்றாள். எழுந்து போய்விட்டாள். என்ன கேட்க வந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டில் ஒரு ஓவர்லாக்கை விற்றுவிட்டார்கள். மற்ற இரண்டிலும் உள்ளூர் வியாபாரத்துக்கு பனியன் ஓடுகிறது. செயின் இன்னும் அடகில்தான். பிசிர் வெட்டும் காசில் மாதா மாதம் கொஞ்சம் வட்டிக்குக் கொடுக்கிறேன். அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்கவில்லை.

போன மாதம் அவரே வந்தார். "அந்தக் கப்பல் சீட்டை எடு அம்மிணி, பாக்கலாம்." எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது வருதா, போகுதா?"

"தெரியலீங்கக்கா."

"அப்புறம் ஏன் வருதுன்னு சொன்னே?"

"உங்களுக்கு வரோணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சுங்கக்கா."

அக்கா ஒன்றும் பேசவில்லை. சீட்டைக் கட்டுக்குள் சொருகி என் கையில் கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வட்டி கட்டற தேதி பதினெட்டு, மறந்துறாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.