தாய் இங்கே தங்கினால் வீட்டை யார் பார்ப்பது?



மனநலப் பிரிவில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் தாயையும் ஏன் தங்கச் சொல்கிறீர்கள் என்று சென்ற மாதம் ஒரு சபையில் கேட்டார்கள். "வியாதி பிள்ளைக்குத்தானே ஐயா?" என்றார் ஒரு பெரியவர். இந்த ஊழியத்துக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரை உடன் தங்கவைத்தார். நோயாளிகள் தேறினார்கள், குடும்பத்தாரின் பயமும் வெட்கமும் குறைந்தன. அதே பத்தாண்டில் கனடா நாட்டு மிஷனெரி டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மனநலப் பணியைத் தொடங்கினார். பாகாயத்திலுள்ள அதன் மனநல மையமும் உறவினரை உடன் தங்கவைக்கும் முறைக்குப் பெயர்பெற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18 வயது நிறையாத பிள்ளையோடு ஒருவர் எல்லா நாளும் தங்கியே ஆகவேண்டும் என்கிறது.

காரணம் எளிது. பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கோ வயிறு வலிக்கும், படுக்கை நனையும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். எப்போது அணைப்பது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்பதைத் தாய் வார்டிலேயே பார்த்துப் பழகுகிறாள். வீட்டுக்குப் போனபின் டாக்டர் கூட வரப்போவதில்லை.

ஆனால் அந்தப் பெரியவரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். தகப்பன் திடீரென்று இறந்ததிலிருந்து பேச்சே இல்லை. தாய் பீடி சுற்றுகிறவள். ஐந்தாம் நாள் துணிமூட்டையைக் கட்டிவிட்டாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன். "செவ்வாய்க்கிழமை குழுவுக்குப் பணம் கட்டணும் ஐயா. இரண்டு பொட்டப்பிள்ளைங்க பாட்டிகிட்ட கிடக்குதுங்க" என்றாள். நான் ஆயத்தம் பண்ணிப் போன வார்த்தைகள் அவளுக்கு எதற்கும் உதவவில்லை.

மறுநாள் எங்கள் சமூகப் பணியாளர் அந்த ஊருக்குப் போனார். மகளிர் குழு அவளுடைய தவணையை மூன்று வாரம் தள்ளிவைத்தது. அங்குள்ள சிறிய சபையின் பெண்கள் முறைவைத்து அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனார்கள். அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அதை ஒருவரும் கேட்கவும் இல்லை. அங்கன்வாடி ஊழியர் சின்னவளைப் பார்த்துக்கொண்டார். தாய் மூட்டையைப் பிரித்தாள்.

பையன் ஊர் திரும்பியதும் பொறுப்பு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பதில் சொல்லச் சொல்லி அவனை எழுப்பவேண்டாம் என்று மட்டுமே நாங்கள் ஆசிரியையிடம் கேட்டிருந்தோம். அவரோ ஒருபடி மேலே போய், பள்ளிக்கூட மணியை அடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார். மணி அடிக்கிறவன் தினமும் வந்துதானே ஆகவேண்டும்! இந்த யோசனை எங்கள் மருத்துவர்களுக்கு வரவில்லை.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி மருந்துக்குப் போவதில்லை. துணைக்குத் தங்கும் தாயின் சாப்பாட்டுக்கும், சமூகப் பணியாளரின் பஸ் செலவுக்கும் போகிறது. ரசீதில் அது சின்னதாகத்தான் தெரியும்.

பையன் இப்போது தங்கைகளோடு பேசுகிறான், வகுப்பிலும் கொஞ்சம். மாதம் ஒருமுறை தாயோடு வருகிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான். என்னிடம் இன்னும் பேசவில்லை.