ஓகே பிறந்த கதை

டியூஷனில் பாடம் முடித்து "புரிந்ததா?" என்று கேட்டால் பிள்ளைகள் "ஓகே சார்" என்பார்கள். 'போதும், விடுங்கள்' என்று அர்த்தம். எங்கள் தெரு தையல்காரரின் ஓகே வேறு ரகம்: சட்டை தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரிதான் கைக்கு வரும்.

இந்த இரண்டெழுத்துக்கு ஊர்ப்பட்ட பூர்வீகக் கதைகள். சாக்டா பழங்குடியினர் மொழியிலிருந்து வந்தது என்று நம்பிய அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன், 'ஓகே' என்பதன் கடைசியில் ஒரு 'எச்' சேர்த்தே எழுதுவாராம். கிரேக்கம், ஸ்காட்லாந்து, ஆப்பிரிக்கா என்று உரிமை கொண்டாடாத இடமில்லை.

வழக்கைத் தீர்த்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற பேராசிரியர். பழைய செய்தித்தாள்களைக் கிளறி, 1839 மார்ச் 23 தேதியிட்ட 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'டில் அதைப் பிடித்தார். சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் போடுவது அன்றைய பத்திரிகைக் குறும்பு. 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓ'விலும் 'கே'யிலும் தொடங்கி எழுதினார்கள். அதன் சுருக்கம்தான் ஓகே. இதே போலப் பிறந்த மற்ற சுருக்கங்கள் பெரும்பாலும் காணாமல் போயின. இது பிழைக்கக் காரணம் 1840 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். வேட்பாளர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். அவரை 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று அழைத்து, ஆதரவாளர்கள் ஓகே கிளப்புகள் தொடங்கினார்கள். மனிதர் தோற்றுப்போனார், பாவம்.

மாணவர்களே, பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். பரீட்சைக் கட்டுரையில் எழுதினால் மட்டும் மார்க்கைக் குறைப்பேன்.