கணினி வடிவமைப்பில் மரைத்துளை

மரைத்துளை என்பது திருகாணி ஒன்று முறுக்கி உட்செல்லும் வகையில், உட்சுவரில் சுருளாக மரை வெட்டப்பட்ட துளை ஆகும். நட்டு வைக்க இடமில்லாத இடங்களிலும், தடித்த வார்ப்புகளின் மீது மூடிகளைப் பொருத்துவதற்கும் இது பெரிதும் பயன்படுகின்றது. எந்திர வடிவமைப்பு மென்பொருள்களில் இதனை உருவகிப்பது எளிய செயலாகத் தோன்றும். எனினும் திரையில் காணும் துளையும் பட்டறையில் உருவாகும் துளையும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை.

மரையின் அளவுகள்

பட்டறையில் மரைத்துளை இரண்டு படிகளில் உருவாகின்றது. முதலில் டிரில் கொண்டு சிறிய துளை இடப்படும். பின்னர் டேப் எனப்படும் கருவியை அதனுள் முறுக்கிச் செலுத்தி மரை வெட்டப்படும். எம்6 × 1 என்னும் குறியீட்டில் 6 என்பது மரையின் பெருவிட்டத்தையும், 1 என்பது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையேயுள்ள தூரத்தையும் (பிட்ச்) மில்லிமீட்டரில் குறிக்கின்றன. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் இட வேண்டிய துளையின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். எம்6 மரைக்கு 5 மி.மீ, எம்10 × 1.5 மரைக்கு 8.5 மி.மீ, எம்8 × 1.25 மரைக்கு 6.8 மி.மீ துளை இடுவது வழக்கம்.

ஐ.எஸ்.ஓ மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை ஆகும். 1841 இல் இங்கிலாந்தின் ஜோசப் வித்வொர்த் முன்வைத்த மரையில் இக்கோணம் 55 பாகையாக இருந்தது. 1864 இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்சு 60 பாகையை முன்மொழிந்தார். குழாய் இணைப்புகளில் 55 பாகை மரை இன்றும் புழங்குகின்றது. ஆகவே மென்பொருளின் பட்டியலில் மரையைத் தெரிவு செய்யும்போது அளவை மட்டுமன்றி மரையின் வகையையும் கவனிக்க வேண்டும்.

உருவகிக்கும் முறைகள்

முதல் முறையில் மென்பொருள் வெறும் உருளைத் துளையை மட்டும் உருவாக்கி, மரை பற்றிய விவரங்களைக் குறிப்பாகச் சேமித்துக் கொள்ளும். திரையில் தெரியும் மரை ஒரு கோடாகவோ மேலொட்டிய படமாகவோ இருக்கும். இதனை ஒப்பனை மரை எனலாம். இரண்டாவது முறையில் மரையின் வெட்டுமுகம் ஒரு சுருள்கோட்டின் வழியே நகர்த்தப்பட்டு, பள்ளம் உண்மையாகவே வெட்டப்படுகின்றது.

இரண்டாவது முறை கண்ணுக்கு அழகானது. புதிதாகக் கற்போர் பெரும்பாலும் இதனையே விரும்புவர். ஆனால் சுருள் பரப்புகளைக் கணிப்பது கடினமாதலால், நூறு துளைகள் கொண்ட ஓர் உறுப்பு கணினியை மிகவும் மந்தமாக்கிவிடும். டேப் கொண்டு வெட்டப்படும் மரைக்கு இவ்வுழைப்பு தேவையுமில்லை. மரையின் வடிவம் கருவியிலேயே உள்ளது. இதனால் தொழிற்சாலை வேலைகளில் ஒப்பனை மரையே பெரும்பாலும் போதுமானது. ஃபிரீகேட் மென்பொருளின் துளைக் கருவியில், மரையை உண்மையாக உருவகிப்பது வேண்டுவோர் மட்டும் தெரிவு செய்யும் விருப்பமாகவே தரப்பட்டுள்ளது.

பொறியியல் வரைபடத்திலும் சுருள் வரையப்படுவதில்லை. ஐ.எஸ்.ஓ 6410 தரத்தின்படி, துளையை முகப்பிலிருந்து நோக்கும்போது உள்மரையின் சிறுவிட்டம் தடித்த முழு வட்டமாகவும், பெருவிட்டம் ஏறத்தாழ முக்கால் பங்கு கொண்ட மெல்லிய வட்டமாகவும் காட்டப்படும்.

தவறு எழும் இடம்

கோப்பினை ஸ்டெப் போன்ற பொது வடிவத்திற்கு மாற்றி அனுப்பும்போது ஒப்பனை மரை பொதுவாக மறைந்துவிடும். எஞ்சுவது உருளை மட்டுமே. எம்6 துளை 5 மி.மீ ஆக உருவகிக்கப்பட்டிருந்தால், பெறுபவர் அதனை மரையற்ற துளை என எண்ணி அப்படியே விட்டுவிடக்கூடும். இதனைப் பின்னர் டேப் செய்து சரிசெய்யலாம். ஆனால் வடிவமைப்பாளர் துளையை 6 மி.மீ ஆக வரைந்து, பட்டறையும் அதே அளவில் துளைத்துவிட்டால், மரை வெட்ட உலோகமே மிஞ்சாது. உறுப்பு வீணாகும், அல்லது பெரிய மரைக்கு மாற்ற நேரிடும். எனவே முப்பரிமாணக் கோப்புடன் மரைகள் குறிக்கப்பட்ட வரைபடத்தையும் அனுப்புவது இன்றியமையாதது.

உறுப்புகள் ஒன்றையொன்று ஊடுருவுகின்றனவா எனச் சோதிக்கும்போதும் ஒரு குழப்பம் எழும். 6 மி.மீ உருளையாக உள்ள திருகாணி 5 மி.மீ துளையில் அமரும்போது, சுற்றிலும் 0.5 மி.மீ ஊடுருவல் இருப்பதாக மென்பொருள் எச்சரிக்கும். இது பிழையன்று. ஆயினும் இத்தகைய எச்சரிக்கைகளின் நடுவே உண்மையான மோதல் ஒன்று கவனிக்கப்படாமல் போகலாம்.

மறுபுறம் திறவாத துளைகள்

டேப்பின் நுனி சரிவாக இருப்பதால் துளையின் அடிவரை முழு மரை கிடைக்காது. கைமுறை டேப்புகள் மூன்று கொண்ட தொகுதியாக விற்கப்படுவதும் இதனாலேயே. மூன்றாவது டேப்பே அடிக்கு மிக அருகில் வெட்டும். அலுமினிய உறுப்பில் எம்8 மரை 16 மி.மீ ஆழம் வேண்டுமெனில், துளையை 22 மி.மீ அளவில் வைப்பது பாதுகாப்பானது. இதற்கும் அப்பால் 118 பாகை கொண்ட டிரில் நுனி சுமார் 2 மி.மீ கூம்பினை உண்டாக்கும். சுவரின் தடிப்பு 25 மி.மீ என்றால் மிஞ்சுவது 1 மி.மீ மட்டுமே. துளையின் அடியைத் தட்டையாக உருவகித்தவருக்கு இது 3 மி.மீ எனத் தோன்றும். மறுபுறம் எண்ணெய் அறை இருந்தால் இவ்வேறுபாடு கசிவில் முடியலாம்.

முப்பரிமாண அச்சு

முப்பரிமாண அச்சுக்கு உண்மையான சுருள் மரை தேவை, ஏனெனில் கோப்பில் இல்லாதது அச்சில் வராது. உருகிய நெகிழி இழையால் அச்சிடும்போது துளை சற்றுச் சுருங்குவதால், மரையைச் சிறிது அகலமாக்கி இடைவெளி விட வேண்டும். எம்3 போன்ற நுண்ணிய மரைகள் இம்முறையில் சரியாக அமைவதில்லை. அவற்றுக்கு வெறும் துளையை அச்சிட்டு, மரையுள்ள பித்தளை உருளையைச் சூடாக்கி அதனுள் அழுத்திப் பதிப்பர்.