மதுசாரமும் கஃபீனும்: பழ ஈயின் மூளை தரும் விளக்கம்

மாணவர்களே, "கடுஞ்சாயத்தில் ஒரு பிளேன்டீ குடித்தால் வெறி முறிந்துவிடும்" என்று பெரியவர்கள் சிலர் கூறுவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்டார். அன்று முதல் தேநீர் நம் பிரதேச வாழ்வோடு கலந்துவிட்டது. எனினும் மேற்படி கூற்று சரியானதா?

1. ஏன் பழ ஈ?
கனிந்த வாழைப்பழத்தையும் கித்துள் கள்ளையும் மொய்க்கும் சிறிய ஈயே துரோசொபிலா. நொதிக்கும் பழத்தில் வளர்வதால் மதுசாரம் அதற்குப் புதிதன்று. மதுசாரத்தை உடைக்கும் நொதியம் நமது ஈரலில் இருப்பதுபோல் அதன் உடலிலும் உண்டு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. பெண் பழ ஈயின் மூளையில் 1,39,255 நரம்புக்கலங்கள் மட்டுமே உள்ளதாக 2024இல் வெளியான முழு வரைபடம் காட்டியது. எனவே ஆய்வு செய்வது இலகு.

2. மதுசாரத்தின் தாக்கம்
மதுசார ஆவி சிறிதளவு பட்டதும் ஈ பரபரப்பாக ஓடும். அளவு கூடினால் தள்ளாடி, விழுந்து, அசைவற்றுக் கிடக்கும். முதலில் ஏற்படும் பரபரப்புக்கு மூளையிலுள்ள தொபமைன் என்னும் இரசாயனம் தேவை என 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மனிதரில் மூளி பாதிக்கப்படுவதால் உடற்சமநிலை குலைகிறது.

3. கஃபீனின் தாக்கம்
நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் சேர்ந்து, தனக்குரிய வாங்கிகளில் பொருந்தித் தூக்கத்தை வரவழைக்கும். கஃபீன் அவ்வாங்கிகளை முந்திப் பிடித்துக்கொள்ளும். பஸ் ஆசனத்தில் ஒருவர் பையை வைத்துவிட்டால் மற்றவர் அமர முடியாதல்லவா? அதுபோன்றதே இது.

கவனிக்க: ஈயில் வழி சற்று வேறு. அடினோசின் வாங்கி இல்லாத ஈக்களும் கஃபீனால் தூக்கம் இழந்தன (2009). தொபமைன் சுரக்கும் நரம்புக்கலங்கள் வழியாகவே கஃபீன் ஈயை விழிக்கச் செய்கிறது என 2016இல் அறியப்பட்டது. அதாவது, ஈயின் மூளையில் மதுசாரம், கஃபீன் ஆகிய இரண்டும் தொபமைன் தொகுதியைத் தொடுகின்றன.

4. இரண்டும் சேர்ந்தால்?
கஃபீன் தூக்கக் கலக்கத்தைக் குறைக்கும். குருதியிலுள்ள மதுசாரத்தைக் குறைக்காது. அதை அகற்றுவது பெரும்பாலும் ஈரலே; அதற்கு மணிக்கணக்கில் நேரம் தேவை. ஆகவே குடித்தவர் "நான் தெளிந்துவிட்டேன்" என எண்ணுவார்; அவரது தீர்மானமும் கைகால் இயக்கமும் தெளிந்திரா. அந்நிலையில் கடுகண்ணாவை வளைவுகளில் முச்சக்கரவண்டி ஓட்டினால் என்னவாகும்? தூக்கம் வந்தவராவது வண்டியை நிறுத்துவார். தெளிந்ததாக நம்புபவர் நிறுத்தமாட்டார். கஃபீன் கலந்த மதுபானங்கள் பாதுகாப்பற்றவை என 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் நான்கு கம்பனிகளை எச்சரித்தது இதனாலேயே.

மாதிரி வினா
தேநீர் வெறியை முறிக்கும் என்பது தவறு. காரணம் தருக.

விடைக் குறிப்பு
(அ) கஃபீன் விழிப்பை மட்டுமே தரும்.
(ஆ) மதுசாரத்தின் அளவு குருதியில் மாறாது.
(இ) மதுசாரத்தை ஈரல் நொதியங்கள் படிப்படியாகவே உடைக்கும்.
(ஈ) போலித் தெளிவு விபத்துக்கு வழிவகுக்கும்.

நான்கையும் மனதிற் பதியுங்கள். வீட்டில் எவரேனும் வெறியுடன் சாவியைத் தேடும்போது, பிளேன்டீயைக் கொடுப்பதோடு சாவியையும் எடுத்து வையுங்கள்.