மூன்று பேர் சமையல், ஒரே குக்கர்

"இது சண்டையா, சீட்டாட்டமா?" என்று அடுப்படி வாசலில் நின்றபடி அம்மா கேட்டார். கூடத்து டிவியில் தகர உடம்புக்காரர்கள் மூன்று பேர் ஒரு பக்கம், பூதம் மாதிரி ஒன்று எதிர்ப்பக்கம், கீழே ஆறு சீட்டு. இரண்டும்தான் என்றேன். "அடிக்கணும்னா அடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே, நடுவுல சீட்டு எதுக்குடி?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அவருக்குப் பின்னால் அடுப்பில் ஏறிக்கொண்டிருந்த குக்கரில் இருந்தது.

விளையாட்டின் பெயர் 'ஸ்டீம்வேர்ல்ட் குவெஸ்ட்: ஹேண்ட் ஆஃப் கில்கமெக்'. சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்தைச் சேர்ந்த இமேஜ் அண்ட் ஃபார்ம் நிறுவனம் செய்தது. 2019 ஏப்ரலில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும், அடுத்த மாதக் கடைசியில் கணினிக்கும் வந்தது. இதே நிறுவனத்தின் ஸ்டீம்வேர்ல்ட் வரிசையில் 2013இல் வந்த 'டிக்' சுரங்கம் தோண்டும் ஆட்டம். 2015இல் வந்த 'ஹைஸ்ட்' துப்பாக்கியைக் குறிபார்த்துச் சுடும் ஆட்டம். வகை மாறிக்கொண்டே இருக்கும். நாயகர்கள் ஆவியில் ஓடும் ரோபோக்கள் என்பது மட்டும் மாறாது. குவெஸ்ட்டில் வாள், மந்திரம், பழங்காலத்து மாவீரன் என்று கதை தொன்மப் பக்கம் போகிறது. பெரிய வீராங்கனையாக வேண்டுமென்று கனவு காணும் ஆர்மிலி, அவளுடைய தோழியும் மந்திரக்காரியுமான கோப்பர்னிக்கா, உடம்பு பெரிதாகவும் மனசு மென்மையாகவும் உள்ள கேலியோ ஆகிய மூவரும் ஊரைத் தாக்கிய படையைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஓரிக்கும், தாரா–தேன் என்ற இரட்டையரும் சேர்கிறார்கள். சண்டையில் ஒரு நேரத்தில் நிற்பது மூன்று பேர்தான்.

ஆளுக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பெட்டியில் அறை எட்டு. விளையாட்டு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள் உண்டு. கடையில் காசும் பொருளும் கொடுத்துச் செய்துகொள்ளலாம், மெருகேற்றலாம். ஆனால் ஒருவர் பெட்டியில் எட்டுக்கு மேல் வைக்க முடியாது. மூவர் பெட்டியும் சேர்ந்தால் 24 சீட்டு. அதைக் கலைத்து ஆறு சீட்டு நம் கையில் வருகிறது. அதில் மூன்றைத்தான் ஒரு சுற்றில் போடலாம். பிடிக்காத இரண்டை மட்டும் தள்ளிவிட்டு வேறு இரண்டை எடுத்துக்கொள்ளலாம். பிறகு எதிரியின் முறை.

கரண்ட் போன இருட்டில் அஞ்சறைப் பெட்டிக்குள் கைவிட்டு எடுப்பது போல இது. சீரகம் இருக்கிறது என்று தெரியும், கையில் வருமா என்று தெரியாது. தெரியாது என்றாலும் கணக்குப் போடலாம். ஒரு நல்ல சீட்டை ஒரே ஒரு பிரதி வைத்திருந்தால், முதல் ஆறில் அது வர வாய்ப்பு நாலில் ஒன்று. இரண்டு பிரதி வைத்தால் ஏறக்குறைய 45 சதவீதம், மூன்று வைத்தால் 60. பிரதி கூடக் கூட அந்தச் சீட்டு நிச்சயமாகிறது. அதே அளவுக்குப் பெட்டியில் மற்றவற்றுக்கு இடம் போய்விடுகிறது. எட்டு அறைக்குள் மிளகாய்க்கு மட்டும் மூன்று அறை கொடுத்தவர் வெந்தயத்தை எங்கே வைப்பார்? இந்த நெருக்கடியை நான் மிகவும் ரசிக்கிறேன். சீட்டு சேர்க்கும் பல ஆட்டங்களில் கட்டு தடிமனாகிக்கொண்டே போகும், நல்லது எல்லாம் எங்கோ அடியில் கிடக்கும். இங்கே எட்டு என்றால் எட்டு. ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வந்தாக வேண்டும்.

இனி குக்கர். இந்த ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சீட்டுகள் அடிப்படையில் இரண்டு விதம். சாதாரண அடி, சின்ன வலுவூட்டல் போன்றவை ஒரு விதம். இவற்றைப் போட்டால் செலவில்லை, திரையின் மேல் ஒரு பற்சக்கரம் கூடும். அதுதான் ஆவி. அடுப்பைக் கூட்டித் தண்ணீரைக் கொதிக்கவிடும் வேலை இது. வலிமையான திறன் சீட்டுகள் இன்னொரு விதம். எதிரிகள் எல்லோர் மீதும் விழும் இடி, கூட்டத்துக்கே உடம்பு தேற்றும் மருந்து எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு ஏறியிருக்கும் ஆவியில் ஒன்றோ மூன்றோ அதற்கு மேலோ செலவாகும். ஆவியில் வேகும் இட்லி, புட்டு, கொழுக்கட்டை இவைதான். ஆவி இல்லாமல் மாவைத் தட்டில் ஊற்றி என்ன பயன்?

குக்கர் ஒன்றுதான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. மூவருக்கும் பொதுவான ஆவி. ஆர்மிலி இரண்டு அடி அடித்து ஏற்றிய ஆவியைக் கோப்பர்னிக்கா ஒரே மந்திரத்தில் தீர்த்துவிடுவாள். அப்புறம் கேலியோ மருந்து போட வேண்டிய நேரத்தில் குக்கர் வெறுமையாக இருக்கும். இதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். பொங்கல் அன்று ஒரே அடுப்படியில் அவரும் அத்தையும் சித்தியும் சமைத்த வருடங்கள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "யாரு அடுப்பை எடுத்துக்கறதுங்கறதுலயே பாதி நாள் போயிடும்" என்றார். அதுதான் இந்த ஆட்டம் அம்மா என்றேன்.

2019 ஜனவரியில் முழுமையாக வெளிவந்த 'ஸ்லே த ஸ்பயர்' ஆட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதில் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று அலகு சக்தி புதிதாகக் கிடைக்கும். செலவழிக்காததை வைத்துக்கொள்ள முடியாது. கையில் மிஞ்சிய சீட்டும் போய்விடும், அடுத்த சுற்றில் புதிதாக ஐந்து. அது திருகினால் எரியும் கேஸ் அடுப்பு: இருப்பதை இப்போதே போட்டுவிடு என்று அவசரப்படுத்தும். ஸ்டீம்வேர்ல்டில் ஆவி அடுத்த சுற்றுக்கும் நிற்கும், போடாத சீட்டும் கையிலேயே இருக்கும். அதனால் காத்திருப்பது இங்கே ஒரு காரியமாகிவிடுகிறது. பெரிய மந்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தச் சுற்று வெறும் அடி மட்டும் அடித்து, எதிரியின் அடியைத் தாங்கி, அடுத்த சுற்றில் திறந்துவிடலாம். ஆனால் பிடித்து வைக்கும் ஒவ்வொரு சீட்டும் ஆறு இடத்தில் ஓர் இடத்தை அடைக்கும். நான்கு பெரிய சீட்டைச் சேர்த்து வைத்தால் ஆவி ஏற்றச் சீட்டில்லாமல் திண்டாடுவீர்கள். தட்டு நிறைய மாவு, அடியில் தண்ணீரில்லை. முதல் இரண்டு நாள் எனக்கு இப்படித்தான் ஆனது.

இதற்கு மேல் தாளிப்பு. ஒரு சுற்றின் மூன்று சீட்டும் ஒரே ஆளுடையதாக இருந்தால், நாலாவதாக ஒரு சீட்டு இனாமாக விழும். வேறொருவர் கை குறுக்கே வராமல் ஒருவரே தொடர்ந்து செய்தால் கடைசியில் அவர் கை மணம் ஏறும் என்பது போல. அந்த நாலாவது சீட்டு என்ன என்பதை அவர் ஏந்தியிருக்கும் ஆயுதம் தீர்மானிக்கிறது. கரண்டியில் இருப்பது நெய்யா, நல்லெண்ணெயா என்பது போல, ஆயுதத்தை மாற்றினால் தாளிப்பே மாறிவிடும்.

இங்கேயும் ஒரு கணக்கு எனக்குப் பிடித்தது. ஆறு சீட்டும் மூவருக்கும் இரண்டிரண்டாகப் பிரிந்தால் ஒழிய, யாராவது ஒருவருக்கு மூன்று இருந்தே தீரும். அப்படிச் சரிசமமாகப் பிரிய வாய்ப்பு 16 சதவீதம்தான். ஆக, நூறில் 84 முறை முதல் கையிலேயே தாளிப்புக்கு வேண்டிய மூன்று சீட்டு யாரோ ஒருவருக்கு இருக்கும். ஆனால் நான் நினைக்கும் ஆளுக்கே அந்த மூன்றும் வர வேண்டும் என்றால் வாய்ப்பு 30 சதவீதத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த மூன்றுக்கும் போதிய ஆவி இருக்க வேண்டும் என்பது அடுத்த கவலை. போதாக்குறைக்குச் சில சீட்டுகள் இன்னார் சீட்டைத் தொடர்ந்து வந்தால்தான் கூடுதல் பலன் தரும். தனியாகச் சமைப்பதா, கை மாற்றிச் சமைப்பதா? ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கேள்வி புதிதாக எழும். ஐந்தாறு விதிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு யோசிக்க வைக்கும் ஆட்டம் அரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ரோபோக்களின் சீட்டு சாதாரணச் சீட்டு இல்லை, துளையிட்ட அட்டை. அட்டையில் உள்ள துளை இயந்திரத்துக்கு இன்னதைச் செய் என்று சொல்லும். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியில் வரிசையாகக் கோத்துத் தொங்கும் அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்த இழை எழும்ப வேண்டும் என்று அந்தத் துளைகள் சொல்ல, அன்னமும் மாங்காயும் சேலையில் வருகின்றன. சண்டைக்கு நடுவில் சீட்டு எதற்கு என்ற அம்மாவின் கேள்விக்கு விளையாட்டு தன் உலகத்துக்குள்ளிருந்தே பதில் சொல்லிவிடுகிறது. அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. கையால் வரைந்த பின்னணிக் காட்சிகளிலும் அதே அக்கறை. காசு கட்டிச் சீட்டுப் பொட்டலம் வாங்கும் ஏற்பாடும் இதில் இல்லை. ஒருமுறை வாங்கினால் எல்லாச் சீட்டும் ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். பையன்கள் பாக்கெட் பணத்தைத் திறக்காத பொட்டலங்களில் கொட்டும் காலத்தில் இது பெரிய விஷயம்.

குறைகளுக்கு வருகிறேன். அடுப்படி இவ்வளவு நன்றாக இருக்க, வீட்டின் மற்ற அறைகள் குறுகலாக இருக்கின்றன. சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் நாம் செய்வது பெரும்பாலும் அறை அறையாக நடப்பது, பீப்பாயை உடைப்பது, பெட்டியைத் திறப்பது. ஒளிந்த மூலைகள் உண்டு, ஆனால் வழி ஏறக்குறைய ஒரே கோடு. இதே நிறுவனத்தின் 'டிக்' ஆட்டத்தில் எங்கே தோண்டுவது என்பது நம் கையில் இருந்தது. அதை நினைத்தால் ஏமாற்றமாக இருக்கிறது. கதையும் மெதுவாகத்தான் சூடாகிறது. ஆரம்ப அத்தியாயங்களில் பெட்டியில் போடவே சீட்டு குறைவு. நான் மேலே சொன்ன நெருக்கடி ஒன்றும் அப்போது தெரியாது, அடி, அடி, அடிதான். நல்ல ஆட்டத்தை அந்தக் கட்டத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும், வருத்தமாக இருக்கும்.

வழியில் வீரர் சிலைகள் நிற்கும். அங்கே ஆட்டத்தைச் சேமித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் தேற்றிக்கொண்டால் அடித்து வீழ்த்திய எதிரிகள் எல்லாம் திரும்பி வந்துவிடும். சாப்பிட்டு எழுந்தால் தேய்த்து வைத்த பாத்திரம் மறுபடி தொட்டியில் கிடப்பது போல. அனுபவம் சேர்க்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் ஒரு சண்டை சில நிமிடம் பிடிக்கும் ஆட்டத்தில், தெரிந்த எதிரியை மூன்றாம் முறை அடிப்பது சலிப்புத் தட்டுகிறது. காட்சிகளை வேகமாக ஓட்டும் பொத்தான் இருக்கிறது. பாதி வழிக்கு மேல் என் விரல் அதிலேயேதான் இருந்தது.

பெரிய குறையை அம்மாதான் கண்டுபிடித்தார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ பார்த்துவிட்டு, "நேத்தும் இதையேதானே போட்டே?" என்றார். ஆமாம். ஆர்மிலி ஆவி ஏற்றுவாள், கேலியோ காப்பான், கோப்பர்னிக்கா இடி இறக்குவாள். ஒரு பெட்டி சரியாக அமைந்துவிட்டால் அதை மாற்ற இந்த ஆட்டம் நம்மைப் போதுமான அளவு கட்டாயப்படுத்துவதில்லை. நெருப்புக்கு அசையாத எதிரி வந்தால் நெருப்பை எடுத்துப் பனியை வைப்போம், அவ்வளவுதான். 2003இல் ஜப்பானில் கேம்கியூபுக்கு வந்த 'பேட்டன் கைட்டோஸ்' என்ற சீட்டுச் சண்டை ஆட்டத்தில் சாப்பாட்டுப் பொருள் சீட்டுகள் நாளாக நாளாக மாறும்; நேற்று நன்றாக இருந்த பழம் கெட்டும் போகும். பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். ஸ்டீம்வேர்ல்டில் எதுவும் கெடுவதில்லை. அதனால் வைத்தது வைத்தபடி இருக்கிறது, சாம்பாரும் தினம் அதே சாம்பார்.

அம்மா சொன்னதற்குப் பிறகு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். புதிய அத்தியாயம் தொடங்கும்போது ஒவ்வொருவர் பெட்டியிலிருந்தும் இரண்டு சீட்டு வெளியே போக வேண்டும், அதுவரை தொடாத இரண்டு உள்ளே வர வேண்டும். கோப்பர்னிக்காவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு ஓரிக்கைக் கூட்டிப் போகிறேன். அவனுடைய சீட்டுகள் இன்னும் எனக்குப் பழகவில்லை. குக்கர் முன்பைவிட மெதுவாகத்தான் ஏறுகிறது. நேற்று ஒரு சண்டையில் அவசரப்பட்டு ஒரு பெரிய சீட்டைத் தொடப்போனபோது, பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "இருடி, இன்னொரு விசில் வரட்டும்" என்றார். சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.