விரைவுக் காரின் புகைக்குழாய்க்கு ஏற்ற உலோகங்கள்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை, குழாயின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை. விரைவுக் கார்களில் எஞ்சினை ஒட்டிய கிளைக்குழாய்களில் அது 800 டிகிரி சென்டிகிரேடையும் கடந்து நிற்கும். பின்புறச் சைலன்ஸரை அடையுமுன் பெரிதும் தணிந்துவிடும். ஆகவே, குழாய் முழுவதற்கும் ஒரே உலோகம் பொருந்தாது.

சாதாரண எஃகு மலிவானது. ஆனால் உட்புறமிருந்தே துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. குறுகிய பயணங்களில் அது ஆவியாக வெளியேறாமல் குழாயினுள் தங்கி, அமிலங்களுடன் கலந்து அரிக்கிறது. அலுமினியம் பூசிய எஃகு இதனை ஓரளவு தடுக்கும்.

18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 ஆம் ரகத் துருப்பிடிக்காத எஃகு இன்னும் சிறந்தது. எனினும், 425 முதல் 850 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் நெடுநேரம் இருப்பின், அதிலுள்ள கார்பன் குரோமியத்தைக் கவர்ந்துகொள்ளும். அரிப்பு அங்கே தொடங்கும். 321 ஆம் ரகத்தில் சேர்க்கப்படும் சிறிதளவு டைட்டானியம் அக்கார்பனைப் பிணைத்துக்கொள்வதால், வெப்பமிகு பகுதிக்கு அதுவே ஏற்றது.

டைட்டானியத்தின் ஒப்படர்த்தி 4.5, எஃகினுடையதோ ஏறக்குறைய 7.9. 2001 ஆம் ஆண்டின் கார்வெட் இசட்06 காரில் டைட்டானியச் சைலன்ஸர்களால் சுமார் 8 கிலோகிராம் எடை குறைந்தது. ஆயினும், 600 டிகிரிக்கு மேல் தூய டைட்டானியம் ஆக்ஸிஜனை ஏற்று நொறுங்கும் தன்மை அடைகிறது. எனவே, பின்புறமே அதற்குரிய இடம்.

தேர்வு பிழைத்தால் நேரும் கேடு பண இழப்பு மட்டுமன்று. விரிசல் வழியே கசியும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது காரினுள் புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். ஆதலால் முதலில் வெப்பம், அடுத்து அரிப்பு, இறுதியில் எடை என்ற வரிசையில் ஆராய்வதே முறையாகும்.