மோடம் இணையவில்லையா? முதலில் விளக்கைப் பாருங்கள்



2018-இல் ஈ-வே பில் வந்தது முதல், நெட் நின்றால் சரக்கு லாரியும் நிற்கிறது. வடலூரில் இப்போது பலரிடமும் இருப்பது ஃபைபர் மோடம். அதன் விளக்குகளைப் பார்த்தே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் அறியலாம்.

1. விளக்கே எரியவில்லை: பிளக், அடாப்டரைப் பாருங்கள். மாற்று அடாப்டரின் வோல்ட் அளவு பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

2. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பு: ஒயரில் ஒளி வரவில்லை. குடோனில் எலி கடித்திருக்கலாம், மூட்டை நசுக்கியிருக்கலாம், வெளியே சாலை தோண்டியதில் அறுந்திருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. முறுக்கி ஒட்ட இயலாது. கழன்ற முனையைக் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி வரும்.

3. பி.ஓ.என். பச்சை நிலையாக உள்ளது, இன்டர்நெட் விளக்கு மட்டும் இல்லை: ஒயர் சரி. கட்டணப் பாக்கி உண்டா என்று பாருங்கள். மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ரீசெட் துளையில் குண்டூசி குத்த வேண்டாம். பதிவு செய்த பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துவிடும்.

4. எல்லா விளக்கும் சரி: வைஃபையில் செல்போனை இணைத்துப் பாருங்கள். அதில் வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில்தான்.

புகார் செய்யும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "எல்.ஓ.எஸ். சிவப்பு" என்று சொன்னால், இழை ஒட்டும் கருவியோடு ஆள் வருவார்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்ததை மறந்திருக்க மாட்டோம். ஆகவே வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைச் செல்போனில் வைத்திருங்கள். ஹாட்ஸ்பாட் போட்டு அன்றைய பில்லை முடித்துவிடலாம்.